கண்ணீர் அஞ்சலி அடிக்க மாட்டேன்: ஆவணப்படக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் தம்பிக்கும், கேமரா தம்பிக்கும், மைக் பிடித்து அலைந்த தங்கச்சிக்கும், எல்லோரையும் விட அதிகமாக அலைந்த வேன் டிரைவர் அண்ணனுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் ஃபிளக்ஸ் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். திருமங்கலம் பக்கத்துக்காரர்கள். ஆறுக்கு நாலு சைஸில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் ஒன்று வேண்டும், சாயங்காலத்துக்குள் கட்டியாக வேண்டும் என்றார்கள். எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பதுதான். சாவு சொல்லிவிட்டு வருவதில்லை, அதனால் அஞ்சலி ஆர்டருக்கு எப்போதும் வரிசையில் முதலிடம். படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். திறந்து பார்த்தேன். படத்தில் இருந்தவரோடு அன்று காலை ஆறரை மணிக்குத்தான் டீ குடித்துவிட்டு வந்திருந்தேன். காசுகூட அவர்தான் கொடுத்தார்.

"யாருப்பா சொன்னது?" என்றேன். போனை நீட்டினார்கள். கையால் சினிமா பேனர் வரைந்த அவரைத் தேடி நீங்கள் எடுக்கிற ஆவணப்படத்தின் முன்னோட்டம் ஓடியது. வைகைப் பாலம், கோபுரம், பூ கட்டும் கை, இயக்குநர் தம்பி தலை குனிந்து நடக்கிற காட்சி. அப்புறம் டீக்கடையில் ஒரு ஆளின் பின்மண்டை. என் மண்டைதான், வழுக்கையை வைத்து அடையாளம் தெரிந்தது. என் குரல் சொல்கிறது: "அவர் செத்துப் போயிட்டாரு." உடனே வயலின்.

நான் அன்றைக்குச் சொன்னது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது ஊருக்கும் தெரியட்டும். "அவர் செத்துப் போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு ஊருக்குக் கிளம்புங்க தம்பி." இதுதான் நான் சொன்னது. நம் மொழியில் பேச்சின் உயிர் கடைசியில்தான் இருக்கும், அது உங்கள் எடிட்டருக்கு வசதியாகப் போய்விட்டது. 'ன்னு' என்கிற ஒரு சின்ன ஒலியை நறுக்கி எடுத்ததில் ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டீர்கள். அந்த 'ன்னு'வைத் திருப்பி ஒட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இன்னும் சில விஷயங்களும் இருக்கின்றன, வருகிறேன்.

ஏழு தடவை போன் பண்ணினேன். "எடிட்டில் இருக்கிறோம், கூப்பிடுகிறோம்" என்று பதில் வந்தது. எட்டாவது தடவை எடுக்கவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

அந்த முன்னோட்டத்தால் என்ன நடந்தது என்று கேளுங்கள். வைகைக்கு அங்கிட்டு இருக்கும் அவருடைய அக்காவுக்கு எண்பது வயது. அந்த அம்மாவுக்கு யாரோ போன் போட்டு "எப்ப எடுக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா கேஸைக் கூட அணைக்காமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்ததால் வீடு தப்பியது. சாயங்காலம் பழைய பட்டறைப் பையன்கள் நாலு பேர் (பையன்கள் என்றால் இப்போது எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல்) ஆளுயர ரோஜா மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது அவரே. மாலையைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, "நல்ல மாலையாத்தான் வாங்கியிருக்கீங்க" என்று வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டார். ஆடு தின்றது. பிறகு எனக்குப் போன் வந்தது. "டேய், எனக்குக் கண்ணீர் அஞ்சலி நீதான அடிப்ப? சிவப்பைக் கொறச்சுப் போடு. உன் மிஷின்ல எல்லார் மூஞ்சியும் தக்காளி மாதிரி வருது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அக்காவுக்கும்தான்.

நீங்கள் தேடி வந்தவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பட்டறையில் நாங்கள் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டோம். மதுரையில் வந்து "வாத்தியார் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். பருத்திப்பால் வண்டிக்காரர் உங்களைக் கே.கே. நகர் எம்ஜிஆர் சிலைக்கு அனுப்பினார். சத்தியமாக அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வாத்தியார் எம்ஜிஆர் ஒருவர்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் விளையாட்டு. ஒப்புக்கொள்கிறேன். விளக்குத்தூண் பக்கம் விசாரித்தபோது உங்களைச் செல்லூருக்கு அனுப்பினார்கள். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒருவர், "அவரு திருப்பரங்குன்றத்துல சரவணப் பொய்கைப் படியில உக்காந்திருப்பாரு" என்றார். அங்கே இருந்த பூக்காரம்மா கீழக்குயில்குடிக்கு அனுப்பினார், சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளத்தோரம் ஆலமரத்தடியில் படுத்திருப்பார் என்று. அங்கே ஆடு மேய்த்தவர் அழகர்கோவில் நூபுர கங்கைக்குக் கைகாட்டினார். நீங்கள் ஒவ்வொரு இடத்திலிருந்து வேன் ஏறும்போதும் அடுத்த இடத்துக்கு இங்கிருந்து ஒரு போன் போய்க்கொண்டிருந்தது. இந்த ஏற்பாட்டில் எனக்கும் பங்குண்டு. அழகர்கோவில் என் யோசனை. மலை மேலே காற்று நன்றாக இருக்கும், தோசை கிடைக்கும், உங்களுக்கும் ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். டிரைவர் அண்ணனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று கவனித்தீர்களா? அத்தனை பேரும் அவரைப் பற்றி ஏதாவது சொன்னார்கள், ஒருவர்கூட "தெரியாது" என்று சொல்லவில்லை. அது தப்பான குறி என்று உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். மதுரையில் ஒரு ஆளை நிஜமாகவே யாருக்கும் தெரியாது என்றால் "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஊரே சேர்ந்து வழி சொன்னால் ஊரே சேர்ந்து மறைக்கிறது என்று அர்த்தம்.

சித்திரைத் திருவிழா சமயமாகப் பார்த்து நீங்கள் வந்தது இன்னொரு தமாஷ். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு, லட்சக்கணக்கான சனத்துக்கு நடுவே, தோப்பரைத் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கிற கூட்டத்துக்குள்ளே கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு ஒரு கிழவரைத் தேடினீர்கள். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர்களே அன்றைக்கு ஒலிபெருக்கியை நம்பித்தான் நிற்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் படத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதை நீங்கள் சென்னையிலிருந்து கிளம்பும்போதே எழுதி எடுத்து வந்துவிட்டீர்கள். கையால் சினிமா பேனர் வரைந்த கடைசிக் கலைஞன், ஃபிளக்ஸ் வந்தது, பிழைப்புப் போனது, மனம் உடைந்து காணாமல் போனான். என் கடை வாசலில் நின்று, ஓடுகிற மிஷினைக் கிட்டத்தில் எடுத்து, "இந்தச் சத்தம்தான் அவரைத் துரத்தியது" என்று இயக்குநர் தம்பி கேமராவுக்குச் சொன்னதை உள்ளே இருந்து நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டே உங்களுக்கு ஜிகர்தண்டா சொல்லி அனுப்பினேன். அது வேறு.

தம்பி, அவர் தூரிகையை வைத்தபோது ஊரில் ஃபிளக்ஸ் கிடையாது. அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. நான் கடன் வாங்கி முதல் மிஷின் போட்டது 2006இல். அவர் பட்டறையை மூடியதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணம் எனக்குத் தெரியும், அந்த இரவில் நானும் அங்கே இருந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். அவரே என்னோடு அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை, அப்படியிருக்க ஊருக்குச் சொல்ல நான் யார்? ஃபிளக்ஸ் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஃபிளக்ஸ் கடைக்காரன் அப்படித்தானே சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். என் மிஷினால் பிழைப்புப் போனவர்கள் இந்த ஊரில் உண்டு. வரிசையாக வீட்டைக் காட்டுவேன். அவர்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. வாசல் திறந்துதான் இருக்கிறது, ஒருவர் பெயிண்ட் கடையில் வேலை செய்கிறார், இன்னொருவர் பள்ளிக்கூடச் சுவர்களில் திருக்குறள் எழுதுகிறார். அவர்களை நீங்கள் ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. எளிதாகக் கிடைக்கிறவன் உங்கள் படத்துக்கு ஆகமாட்டான் போலிருக்கிறது.

அவர் என்ன வேலை செய்தார் என்றாவது கேட்டீர்களா? தங்கச்சி ஒருமுறை கேட்டது, அதற்குள் வெளிச்சம் போகிறதென்று கிளம்பிவிட்டீர்கள். இப்போது சொல்கிறேன்.

நான் பன்னிரண்டு வயதில் பட்டறைக்குப் போனேன். 1979. முதல் ஒரு வருஷம் என் வேலை நூல் பிடிப்பது. காடாத்துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பார்கள். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிச் சுண்ணப்பொடி கலந்து பூசுவார்கள். அந்த நாற்றம் இன்றைக்கு நினைத்தாலும் மூக்கில் நிற்கும். செத்த மாட்டின் நாற்றம், உண்மையிலேயே மாட்டு எலும்பும் தோலும் காய்ச்சியதுதானே அது. காய்ந்ததும் நீலப்பொடி தடவிய நூலை இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன் பிடிக்க, நடுவில் சுண்டினால் கோடு விழும். இப்படிக் குறுக்கும் நெடுக்கும் கட்டம். கையில் இருக்கும் ஸ்டில்லிலும் பென்சிலால் அதே எண்ணிக்கையில் கட்டம். உள்ளங்கை அளவு முகத்தை இருபது அடி முகமாக்கும் வித்தை அவ்வளவுதான். பவுடர் கலரை ஆளிவிதை எண்ணெயில் குழைப்போம். பின்னணி, உடை, மலை, மரம் எல்லாம் உதவியாளர்கள். எழுத்துக்கு ஒரு ஆள். முகம் மட்டும் வாத்தியார்.

கன்னத்தின் நிழலுக்குப் பச்சை வைப்பார். கிட்டே நின்று பார்த்தால் அம்மை வந்தவன் மாதிரி இருக்கும். ஸ்டூலிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ச் சாரியில் சோடாக் கடை வாசலில் நின்று பார்த்தால் அச்சு அசலாக அந்த நடிகர். ஒரு முகத்துக்கு முப்பது நாற்பது தடவை தெருவைக் கடப்பார். சோடாக் கடைக்காரரின் கருத்தையும் கேட்டுக்கொள்வார். "மூக்கு கொஞ்சம் கோணுதுண்ணே" என்று அவர் சொன்னால் மூக்கு மாறும்.

வியாழக்கிழமை ராத்திரி தட்டுவண்டியில் ஏற்றித் தியேட்டருக்குக் கொண்டுபோவோம். 1952இல் திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரன் மார்தட்டிக்கொண்ட தங்கம் தியேட்டர் (இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை), ஒரு படத்தில் வந்த லாபத்தில் கட்டி அந்தப் படத்தின் பெயரையே வைத்த சிந்தாமணி, அப்புறம் சென்ட்ரல், கல்பனா. சவுக்குக் கட்டையில் சாரம் கட்டி ஏற்றி நிறுத்துவதற்குள் விடிந்துவிடும். விடிந்தால் ரசிகர் மன்றத்து ஆட்கள் வருவார்கள். மாலை போட மட்டும் வருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை இரண்டு பெரிய நடிகர்கள் சேர்ந்து நடித்த படத்துக்கு, ஒரு மன்றத்துக்காரர்கள் டேப்பைக் கொண்டுவந்து இரண்டு முகத்தையும் அளந்தார்கள். எங்கள் அண்ணன் முகம் நாலு அங்குலம் குறைகிறது என்று தகராறு. வாத்தியார் ஏணியில் ஏறி, அந்த நடிகரின் முடியை நாலு அங்குலம் மேலே தூக்கி வாரிவிட்டு இறங்கினார். கைதட்டினார்கள்.

எழுத்தில் அவரிடம் தப்ப முடியாது. ஒற்று விட்டவனுக்கு அன்றைக்கு டீ கிடையாது. எழுத்துக்காரர் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் என்னை எழுதச் சொன்னார். 'கண்டு களிக்க தவறாதீர்கள்' என்று எழுதிவிட்டேன். பேனரை ஏற்றிக் கட்டி, ராத்திரி பதினொரு மணிக்குக் கீழே நின்று பார்க்கும்போதுதான் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தூரிகையை என் வாயில் கவ்வக் கொடுத்து மேலே ஏற்றினார். 'க'வுக்கும் 'த'வுக்கும் நடுவே, இல்லாத இடத்தில், ஒல்லியாக ஒரு 'த்' வைத்துவிட்டு இறங்கினேன். படம் ஓடி முடிகிற வரைக்கும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஒல்லி 'த்' என்னைப் பார்த்துச் சிரித்தது.

படம் தூக்கப்பட்டதும் பேனர் திரும்பி வரும். துணியைக் காரம் போட்டு அலசி, மறுபடி வஜ்ஜிரம் பூசி, அடுத்த படம். தேய்ந்துபோன துணி ஒழுகுகிற குடிசைக் கூரைகளுக்குப் போகும். எண்ணெய்ச் சாயம் ஊறிய துணியல்லவா, மழைக்கு நன்றாகத் தாங்கும். அதனால்தான் உங்களுக்கு அவர் வரைந்த ஒரு பேனர்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காது. எதிலும் அவர் கையெழுத்துப் போட்டதும் இல்லை.

உங்கள் ஆட்கள் வந்து போனதற்கப்புறம் நான் வாத்தியாரிடம் ஒருமுறை கேட்டேன், ஒரு மணி நேரம் பேசினால் என்ன, நல்ல பிள்ளைகளாகத்தானே தெரிகிறார்கள் என்று. நிஜமாகவே கேட்டேன், உங்களுக்காக. அவர் சொன்னார்: "படம் ஓடுற வரைக்கும்தான்டா பேனரு. அப்புறம் அலசிப் போட்டுருவோம். என்னை மட்டும் எதுக்கு அலசாம வச்சிருக்கணுங்கிறாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

நான் அதிகம் படித்தவனில்லை. ஆனால் பட்டறையில் 'குமரி மலர்' பழைய இதழ்கள் கிடக்கும், சாயம் துடைக்கக் கிழிப்பதற்கு முன்னால் வாசித்துவிடுவேன். அதை நடத்திய ஏ.கே. செட்டியாரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர்க்காரர். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940இல் ஆவணப்படமாகக் கொண்டுவந்தவர். அவ்வளவு அலைந்தவர், தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளத் தெரியாதவர். உங்கள் முன்னோட்டத்தை மூன்று தடவை பார்த்தேன். நூறு வினாடியில் இயக்குநர் தம்பி நடக்கிறார், யோசிக்கிறார், வேன் ஜன்னலில் சாய்கிறார், மழையில் நனைகிறார் (அது ஆழ்துளைக் குழாய் தண்ணீர், குழாயைப் பிடித்தவன் என் கடைப் பையன்). வாத்தியார் நாலு வினாடி வருகிறார், அதுவும் செத்துப்போய். யாரைப் பற்றிய படம் என்று நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அந்த நாலு வினாடியில் காட்டிய புகைப்படத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதுதான் எனக்கு மனதை அறுக்கிற விஷயம்.

1981 ஜனவரியில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது ஊரெங்கும் அலங்கார வளைவுகள் வைத்தார்கள். வாத்தியாரும் இரவு பகலாக வரைந்தார். அப்போது யாரோ எடுத்த படம் அது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், பனியன் முழுக்கச் சாயம், பின்னால் பாதி வரைந்த வள்ளுவர். கீழே ஓரத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு டிரவுசரோடு நிற்கிற பொடியன் நான். அவருக்கு இருக்கிற பழைய படம் அது ஒன்றுதான். எனக்கும்தான். அவருடைய அக்கா வீட்டுச் சுவரில், அவர்கள் அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. "ஸ்கேன் பண்ணிவிட்டு நாளைக்கே தருகிறோம் ஆத்தா" என்று சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போனீர்கள். மூன்று மாதம் ஆகிறது. சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்கிறார், "நாளைக்கின்னாங்களேப்பா?"

அந்தப் படத்தைத்தான் வெட்டி, பெரிதாக்கி, நோட்டீஸ் அடித்து ஒட்டினீர்கள். யானைக்கல்லிலிருந்து சிம்மக்கல் வரை, பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர் வரைக்கும். 'இவரைக் கண்டுபிடித்து தருபவருக்குத் தக்க சன்மானம்.' தம்பி, நம் ஊரில் யாருக்கு இப்படி நோட்டீஸ் ஒட்டுவார்கள்? வீட்டை விட்டு ஓடிப்போன மனநிலை சரியில்லாதவருக்கு ஒட்டுவார்கள், இல்லையென்றால் போலீஸ் தேடும் ஆளுக்கு. ஒரு வாரத்துக்கு அவர் காய்கறி வாங்கக்கூட வெளியே வரவில்லை. சன்மானத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு விடலைப் பையன்கள் அவரைப் போனில் படம் பிடிக்கத் துரத்தியிருக்கிறார்கள், எழுபது தாண்டிய மனுஷன் சந்துக்குள் ஓடியிருக்கிறார்.

என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். இதையெல்லாம் சொன்னேன். பொதுச் சுவரில் அனுமதியில்லாமல் நோட்டீஸ் ஒட்டுவதற்கு எதிராக 1959இலேயே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது என்றாள். அது எனக்கும் தெரியும், அந்தச் சட்டத்தைச் சொல்லி என்னையே பலமுறை மிரட்டியிருக்கிறார்கள். பேனர் தொழிலில் இருப்பவனுக்குச் சட்டம் பழக்கம்தான். 2017இல் உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வந்தபோது, நாங்கள் செத்தவர்களை நம்பிக் கொஞ்ச நாள் பிழைத்தோம். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு பெண் பிள்ளை இறந்தபோது நானே வெட்கப்பட்டு ஒரு மாதம் கடையைத் திறக்கவில்லை. அதனால் சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆனால் மகள் இன்னொன்றும் சொன்னாள். 1994இல் நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில், தூக்குத் தண்டனைக் கைதி ஒருவரின் சுயசரிதை பற்றியது, "என்னை என் போக்கில் விடு" என்று கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறதாம். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்களாம். அந்த 1994 வழக்கில் ஜெயித்தது பத்திரிகைதான் என்பதையும் அவளே சொன்னாள். வக்கீலுக்குப் படிக்கிறவள், இரண்டு பக்கமும் பேசுவாள். நான் சொல்ல வருவது, தூக்குத் தண்டனைக் கைதியைப் பற்றிப் பேசும்போதே நீதிபதிகள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள், பேனர் வரைந்தவருக்காக நீங்கள் ஒரு ராத்திரி யோசிக்கலாம்.

ஆக, எனக்கு வேண்டியது இதுதான். அந்த முன்னோட்டத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுங்கள். என் பேச்சைப் போடுவதென்றால் முழுசாகப் போடுங்கள், 'ன்னு'வோடு, 'கிளம்புங்க தம்பி'யோடு. நோட்டீஸ்களை நீங்களே ஆள் வைத்துக் கிழியுங்கள். என் பையன்களை அனுப்பினால் கூலி நான் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் தெருவில் ஒளித்து எடுத்த காட்சி ஏதாவது இருந்தால் அழியுங்கள். இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கேமரா தம்பி முகத்தில் அன்றைக்கே தெரிந்தது. அவர் நல்ல பிள்ளை, பொய் சொல்ல வராது.

படம் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பெயிண்ட் கடைக்காரர் இருக்கிறார், திருக்குறள் எழுதுகிறவர் இருக்கிறார், அந்தக் காலத்துச் சோடாக் கடைக்காரரின் மகன் இருக்கிறார், மூக்கு கோணியதைப் பற்றி அவர் அப்பாவைப் போலவே பேசுவார். வஜ்ஜிரம் காய்ச்சி நூல் சுண்டிக் காட்டச் சொன்னால் நானே காட்டுகிறேன், இந்தக் கை இன்னும் மறக்கவில்லை. வாத்தியாரைப் பற்றி என்ன வேண்டுமோ கேளுங்கள், சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். அவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் இந்த முறை ராமேஸ்வரம் வரைக்கும் அனுப்புவேன்.

புகைப்படத்தைக் கூரியரில் போட வேண்டாம், கண்ணாடிச் சட்டம் உடைந்துவிடும். கையில் கொண்டு வாருங்கள். கேமரா வேனிலேயே இருக்கட்டும். அந்த அம்மா வீட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன், ஆணியும் சுத்தியும் என்னிடம் இருக்கிறது, மாட்டிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் படத்தில் பின்மண்டையாக வருகிறவன்,
மதுரை.

பி.கு.: உங்கள் நோட்டீஸில் ஒரு பிழை. 'கண்டுபிடித்துத் தருபவருக்கு' என்று வர வேண்டும், நடுவில் 'த்' விட்டுவிட்டீர்கள். அத்தனை நோட்டீஸிலும் அப்படித்தான். யானைக்கல் பாலத்தருகே ஒட்டிய ஒன்றில் மட்டும் யாரோ சாக்பீஸால் ஒல்லியாக ஒரு 'த்' சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் ஆற்றுக்கு மேலே ட்ரோன் விட்டபோது அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நின்றீர்கள்.